கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

தண்டவாளம் பைன் மரங்களுக்குள் புகுந்து
வட்டமடித்துத் திரும்பும் இடத்தில்
பதினோராம் எண் டிராமுக்கு வழி முடிகிறது.
அதற்கப்பால் ரீகா நகரம் இல்லை.
ஏரி இருக்கிறது, இன்று உறைந்து.

வெல்ட்டா இறங்குகிறாள்.
இடது குதிகாலை வண்டியின் கீழ்ப்படியில் ஊன்றி
முதுகை வளைக்காமல்
இடுப்பிலிருந்து மட்டும் குனிகிறாள்,
யாரோ மரியாதைக்குரியவர்
காட்டுக்குள்ளிருந்து வருவதைப் போல.

தொடைக்குப் பின்னால் ஒரு கம்பி இறுகும்.
அங்கே நிற்க வேண்டும்.
முப்பது எண்ண வேண்டும்.
எண்கள் எதற்கு? நிறுத்தங்களின் பெயர் இருக்கிறதே:
மிருகக்காட்சி சாலை, ஒரு மூச்சு.
கல்லறை, ஒரு மூச்சு.
சாக்லேட் ஆலை வரும்போது
கம்பி நூலாகியிருக்கும்.

சோம்பல் முறிப்பது என்போம் நாம் இதை.
அவளுக்கு முறிந்தது சோம்பல் அல்ல.
போன மார்ச்சில்
தண்டவாளத்தைப் பக்கம் மாற்ற
இரும்புக்கோலோடு இறங்கினாள்.
ஒரு கால் இரும்பில், ஒரு கால் பனிக்கட்டியில்.
பனிக்கட்டியில் வைத்த கால்
தன் வழியே போனது.
துணி கிழியும் சத்தம் கேட்டது.
பார்த்தால், துணி கிழியவில்லை.

ரெனார்ஸ் ஐஸ் ஹாக்கிக்காரர்களின் கால்களைப் பிசைந்து
கட்டைவிரல் தடித்துப்போனவன்.
நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று
அவன் சொல்லவில்லை.
"கிழிந்த இடத்தில் உடம்பு
அவசரத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிறது.
முரட்டுத் தையல்.
தினமும் கொஞ்சம் இழுத்துக் காட்டுங்கள்,
இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று
அதற்கு வேறெப்படித் தெரியும்?"
பிறகு, கதவருகே:
"வலியின் வாசல்வரை போங்கள். தட்டாதீர்கள்."

ஏப்ரலில் விரல் முழங்காலோடு நின்றது.
மே மாதம், காலணியின் மேல்துளை.
ஜூனில் மூன்றாம் துளை.
ஜூலையில் மறுபடி இரண்டாம் துளை,
ஏன் என்று கேட்க ஆளில்லை,
அன்று உருளைக்கிழங்கை அடிப்பிடிக்க விட்டாள்.

வேலைக்குத் திரும்பியும் விடவில்லை.
எட்டு மணிநேரம் மடங்கி உட்கார்ந்த கால்
நாற்காலியின் வடிவத்தையே
தன் வடிவம் என்று நம்பத் தொடங்கும்.
அதற்கு நினைவூட்ட ஏழு நிமிடம்:
நீ நடக்க வந்தவன்.

பயணிகள் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பார்கள்.
இரவுப்பணி முடித்த தாதி ஒருத்தி
பின்னிருக்கையில், யாருக்கும் தெரியாமல்,
காதைத் தோளுக்குக் கொண்டுபோவாள்.

டிசம்பரில் புதிய கால அட்டவணை வந்தது.
ஏழு நிமிடம் நான்கானது.
இடது காலுக்கு மட்டும் போதும்.
ஆனால் இடதைப் பார்த்து வலது முறைக்கும்,
உடன்பிறந்தது அல்லவா.

வானொலி கரகரத்தது:
பதினொன்று, ஏன் தாமதம்?
வெல்ட்டா கீழே பார்த்தாள்.
பழைய தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே
ஒரு விரல் இடைவெளி.
வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்று
இரும்புக்கே இடம் விட்டிருக்கிறார்கள்.
"தண்டவாளத்தில் ஒரு சிறு தடை" என்றாள்,
வலது குதிகாலைப் படியில் வைத்தபடி.
"என்ன தடை?"
"நீங்கிக்கொண்டிருக்கிறது."
வயலின் பெட்டிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
தட்டட்டும்.

நேற்று மாலை, மைனஸ் ஒன்பது.
முட்டுச் சந்தியில் மறுபடி இரும்புக்கோல்.
ஒரு கால் இரும்பில்,
ஒரு கால், வேறு வழியில்லை, பனிக்கட்டியில்.

வழுக்கியது.
ஒரு சாண் தூரம் போனது,
கம்பி இறுகும் இடத்தில் நின்றது,
திரும்பி வந்தது.

அவ்வளவுதான் நடந்தது.
வண்டிக்குள் யாரும் தலை நிமிரவில்லை.
ஏறி உட்கார்ந்தாள்,
கை நடுங்கியது கொஞ்சம்,
மணியை ஒருமுறைக்கு இருமுறை
அடித்தாள்.